தட்டு இருபத்துநாலு, தலை பத்தொன்பது

1

நியூசிலாந்துக்கு வந்து பத்து வருடம் முடிந்த நாளன்று பெரிய கொண்டாட்டம் எதுவும் திட்டமிடவில்லை. இந்தியக் கடையில் ராகி மாவு கிடைத்திருந்தது. சாயங்காலம் களி கிண்டி கோழிக் குழம்பு வைக்கலாம் என்றிருந்தேன். பார்த்தால், மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பும் அதே நாளில் வந்து நிற்கிறது.

நாங்கள் இருப்பது ஹாமில்டன் என்ற நகரம். சுற்றிலும் புல்வெளி, மாடு, பால் தொழிற்சாலை. என் வீட்டுக்காரர் பால்மாவு ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறார். நான் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர். பிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்கின்றன, ஆசிரியர்கள் அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் என் பிழைப்பு. சொந்த ஊர் கம்பைநல்லூர் என்றால் இங்கே யாருக்கும் விளங்காது என்பதால், பெங்களூருக்குக் கொஞ்சம் கீழே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மகள் கயலுக்குப் பதினொரு வயது. இங்கே வரும்போது இடுப்பில் இருந்தவள், இப்போது செருப்பில்லாமல் பள்ளிக்குப் போகிறாள். வீட்டில் செருப்பு இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வெறுங்காலில் நடக்கத்தான் பிடிக்கும். எங்கள் பக்கம் செருப்பு வாங்க முடியாமல் வெறுங்காலோடு வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். பத்து வருடம் ஆகியும் அந்தக் காலைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதற்காகவே சில சமயம் சீண்டுவேன்.

இந்த ஊர்ப் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார், பிள்ளைதான் பேசும். கயல் தன் கணக்கு நோட்டைத் திறந்தாள். முதலில் காட்டிய பக்கம் முழுக்கப் பின்னக் கணக்கு, முழுக்கத் தப்பு. இது எனக்கு இன்னும் வரவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. என் கை தானாகப் போய் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டது.

"அம்மா, விடு! தெரியாததைத்தான் ஃபர்ஸ்ட் காட்டணும்," என்றாள். தமிழ் வந்துவிட்டது, கோபம்தான்.

காரில் ஏறிய பிறகும் விடவில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்டாள். மறைக்கவில்லை, அடுத்த பக்கம் நன்றாக இருந்தது, அதனால் திருப்பினேன் என்றேன். அது பதிலே இல்லை என்றாள். வண்டியை எடுக்கப் போகும்போது கைப்பேசி அடித்தது. ஜெசிந்தா. ஊரில் அப்போது காலை ஒன்பது மணி, பள்ளி மணி அடிக்கும் நேரம். அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

2

ஜெசிந்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருந்தபோது நான் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநர். பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குப் புதிய முறைகளைச் சொல்லிக்கொடுப்பதும், மேலே இருந்து வரும் அதிகாரிகளுக்குப் பள்ளியைத் தயார் செய்வதும் வேலை. பாப்பாரப்பட்டிக்கு மேலே ஒரு சின்ன ஊரில் ஒரே ஹால், இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. பாதி வீடுகளில் கன்னடம் பேசுவார்கள். அங்கே புது ஆசிரியையாக வந்தவள்தான் ஜெசிந்தா மேரி. துவரையும் கம்பும் விதைக்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், அவள் வீட்டில் முதல் அரசாங்க உத்தியோகம் அவளுக்குத்தான். என்னைவிட ஆறு வயது சின்னவள். முதலில் மேடம் என்றாள், ஒரு வருடத்தில் அக்கா ஆகிவிட்டேன்.

பிறகு எனக்கு உதவித்தொகை கிடைத்து இங்கே முனைவர் பட்டத்துக்கு வந்தேன். இரண்டாம் வருடம் கள ஆய்வுக்கு ஊருக்குப் போனபோது அவள் பள்ளியைத்தான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டுத் திருத்தும் முறை. செவ்வாய்க்கிழமைதோறும் போய்ப் பதினோரு வாரம் பார்த்தேன். பள்ளியில் ஒரு பிள்ளைகூட விடாமல் எல்லாரும் முன்னேறியிருந்தார்கள். நம்பவே முடியவில்லை. நம்ப முடியாததைக் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் நான் சந்தோஷப்பட்டேன்.

பட்டம் கிடைத்தது, கட்டுரை வந்தது, வேலையும் கிடைத்தது. தருமபுரியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் என் ஆய்வை வைத்து ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டது. "மூன்றே மாதத்தில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பார்கள்" என்று அட்டையிலேயே இருக்கும். அந்த வாக்கியம் என்னுடையது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் இரண்டாம் பதிப்பு அச்சடித்து இன்னும் நிறையப் பள்ளிகளுக்குக் கொடுப்பதாக இருந்தார்கள்.

3

"மேடம், பேசலாங்களா?"

மேடம் என்றதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"சொல்லு ஜெசி. ஸ்கூல்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஸ்கூல்ல ஒண்ணும் இல்லீங்க. நேத்து பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போனேன். மாதம்மாவ பாத்தேன்."

"எந்த மாதம்மா?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மாதம்மா அவளிடம் படித்த பெண், இப்போது பதினாறு வயது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. தக்காளி விற்றுவிட்டு வெறுங்கூடையோடு பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறது. டீச்சரைப் பார்த்ததும் ஆசையாக ஓடி வந்திருக்கிறது.

"ஓடி வந்து, டீச்சர், இந்த பஸ்சு பாலக்கோடு போவுங்களான்னு கேட்டுச்சுங்க. போர்டு கண்ணுக்கு முன்னாடி இருக்குது. இம்மாம் பெரிய எழுத்து. அதுக்கு அஞ்சாவது வரைக்கும் பாடம் சொல்லிக் குடுத்தவ நானு. என்கிட்டயே கேக்குது."

"பதினாறு வயசுன்னா நான் ஆராய்ச்சிக்கு வந்தப்ப மூணாவது படிச்சிருக்கணுமே. எல்லாப் புள்ளையையும் நான் படிக்கச் சொல்லிக் கேட்டேனே ஜெசி."

"நீங்க வர்ற அன்னிக்கு அது ஹால்ல இருக்காதுங்க."

"லீவா?"

"இல்லீங்க. பின்னாடி சத்துணவுக் கூடத்துல ஆயம்மாகூட உக்காந்து கீரை ஆஞ்சிட்டு இருக்கும். அது மட்டும் இல்ல. அஞ்சு பேருங்க."

அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் போய் வந்த பிள்ளைகள் அந்த ஐந்தும். மூன்று மாதம் ஊரில் இருந்தால் நான்கு மாதம் இருக்காது. வாசிக்கவே வரவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமையானால் ஜெசிந்தா அவர்களைப் பின்பக்கம் அனுப்பிவிட்டிருக்கிறாள்.

"நீங்க அவ்ளோ தூரத்துல இருந்து கைக்கொழந்தைய வூட்ல உட்டுட்டு வர்றீங்க. ஆராய்ச்சி நல்லபடியா முடியணும், உங்க பேரு கெட்றக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. எட்டு வருட உழைப்பு, என் பட்டம், என் வேலை எல்லாம் ஒரு கீரைக்கட்டில் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ஐந்து பிள்ளைகளின் நினைப்பு எனக்குப் பிறகுதான் வந்தது.

"யாரு உனக்கு இப்படியெல்லாம் பண்ணச் சொல்லிக் குடுத்தா?" என்று கத்தினேன். பின்சீட்டில் கயல் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.



"நீங்கதாங்க அக்கா," என்றாள் ஜெசிந்தா.

உடனே நினைவு வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், முதல் அதிகாரி வருகை. ஹாலைக் கழுவிவிட்டு, பீரோவில் பூட்டியிருந்த படங்களை எல்லாம் சுவரில் மாட்டினோம். படிக்காத பிள்ளைகளை என்ன செய்வது என்று அவள் அழுகிற மாதிரி கேட்டாள். "அதுங்கள முன்னாடி வச்சிக்கிட்டு எதுக்குங்க வம்பு? ஆயம்மாகிட்ட அனுப்பிக் கீரை ஆயச் சொல்லுங்க. அதுங்களுக்கும் ஜாலி, ஆபீசருக்கும் ஜாலி," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார். நானே ஆபீசராகத் திரும்பி வருவேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"இத்தனை வருசம் கழிச்சு ஏன் சொல்ற?"

"அந்தப் புத்தகத்த மறுபடியும் அடிக்கறாங்களாமே அக்கா. மத்த ஸ்கூல் டீச்சருங்க என்னக் கேக்கறாங்க, உங்க ஸ்கூல்ல மட்டும் எப்படி எல்லாப் புள்ளையும் படிச்சுதுன்னு. புத்தகத்துல வந்திருக்கு, உங்களுக்கு ஏன் வரலன்னு மீட்டிங்ல திட்டு வாங்கறாங்க. இப்ப அவுங்களும் கீரை ஆய அனுப்ப ஆரம்பிச்சிருப்பாங்க. நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

பிறகு தயங்கித் தயங்கி, "எனக்கு மெமோ வருங்களா?" என்று கேட்டாள்.

4

அன்றைக்குக் களி கிண்டவில்லை. பழைய குறிப்பேடுகள் இருந்த அட்டைப்பெட்டியை வாகனக் கொட்டகையில் இருந்து எடுத்து வந்தேன்.

கண்ணில் பட்டதை எல்லாம் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சத்துணவுக் கூடத்துச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை இருக்கும், அன்றைக்குச் சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஆயம்மா அதில் எழுதுவார். அதையும் எழுதியிருந்தேன். தட்டு இருபத்துநாலு. அதே பக்கத்தில் மேலே, ஹாலில் இருந்த பிள்ளைகள் பத்தொன்பது. அடுத்த செவ்வாயும் அதே. பதினோரு வாரமும் அதே. வருகைப் பதிவேட்டை நான் திறக்கவே இல்லை. தலையை நேரில் எண்ணுவதுதான் உண்மையான ஆய்வு என்று ஒரு திமிர். ஓர் ஓரத்தில், "தம்பி தங்கைகளும் வந்து சாப்பிடுகிறார்கள் போலும்" என்று என் கையெழுத்திலேயே விளக்கமும் இருந்தது. பத்தொன்பதில் ஜோடி சேராமல் நின்ற ஒரு பிள்ளையை வாராவாரம் நானே என்னோடு படிக்க வைத்துக்கொண்டேன். இருபத்துநாலு என்றால் எல்லாருக்கும் ஜோடி கிடைத்திருக்கும்.

இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் ஒரு விருந்துக்கு அழைத்தவர்கள், வரும்போது ஒரு தட்டு கொண்டு வாருங்கள் என்றார்கள். ஏதாவது சமைத்து எடுத்து வரச் சொல்கிறார்கள் என்று தெரியாமல், கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டோடு போய் நின்றேன். அந்தக் கதையைச் சொல்லி என்னை இன்றைக்கும் கேலி செய்வார்கள். அந்த அசட்டுத்தனத்தையாவது ஊர் புதிது என்று மன்னிக்கலாம். பாப்பாரப்பட்டிப் பக்கத்துத் தட்டை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டதற்கு அந்தச் சாக்குக்கூட இல்லை.

எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம்தான் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டு நாள் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை; அவரிடம் சொன்னபோது கயலும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வரும்போது கயல் கேட்டாள், "அந்த ஃபைவ் கிட்ஸ் இப்ப எங்க?" மாதம்மாவைத் தவிர மற்ற நான்கு பேர் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே என் மேற்பார்வையாளர் ஹெலனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஹெலன் அறுபது தாண்டியவர், பேச்சில் சிக்கனம். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஆசிரியையின் பெயரை எங்கேயும் போடாதே. உன் பெயரைப் போடு," என்றார். பிறகு தேநீர் போட்டுத் தந்தார்.

பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு படிவம் இருக்கிறது. பிழையின் வகை என்ன என்று கேட்டு நான்கு கட்டங்கள்: கணக்கீட்டுப் பிழை, பதிவுப் பிழை, வேண்டுமென்றே மறைத்தல், மற்றவை. ஒரு பெண் என் மேல் வைத்த பாசத்தால் நடந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. மற்றவை என்பதில் குறியிட்டால் சுருக்கமாக விளக்கு என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். "ஆய்வாளர் முன்பு அலுவலராக இருந்தபோது தானே கற்றுக்கொடுத்த பழக்கத்தால், படிக்க வராத ஐந்து பிள்ளைகள் ஆய்வில் விடுபட்டுப் போனார்கள்" என்று எழுதினேன். படிவம் மூன்று முறை திரும்பி வந்தது. ஒருமுறை தேதி எழுதிய வரிசை தவறு என்று, ஒருமுறை அந்தப் பழக்கத்துக்கு ஆதாரம் கேட்டு. நானேதான் ஆதாரம் என்று பதில் எழுதினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பதவி உயர்வு அந்த வருடம் இல்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது.

5

தொண்டு நிறுவனத்துப் பொறுப்பாளர்தான் ரொம்ப ஆடிப்போனார். "மேடம், அட்டை அடிச்சாச்சுங்களே," என்றார். "உள்ள ஒரு துண்டுச்சீட்டு வச்சிரலாங்களா?" வேண்டாம், அச்சையே நிறுத்துங்கள் என்றேன். இருக்கிற கையேட்டை வைத்து எந்த ஆசிரியரையும் கேள்வி கேட்காதீர்கள் என்று அவர்கள் போகும் கூட்டங்களில் சொல்லச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் ஜூனுக்குள் ஊர் விட்டு ஊர் போகிற பிள்ளைகளுக்கென்று ஒரு புது அத்தியாயம் வேண்டும், தருவீர்களா என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. ஜெசிந்தாவிடம் இருந்தது.

அவளுக்கு மெமோ வரவில்லை. எங்கேயும் அவள் பெயர் வராததால் வர வழியும் இல்லை. அது உறுதியான பிறகுதான் தான் இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொன்னாள்.

"பெங்களூர் போயிட்டு வந்த புள்ளகிட்ட பாடப் புத்தகத்தக் குடுக்கறது இல்லீங்க அக்கா. அங்க என்னா பாத்தன்னு கேப்பேன். அது சொல்றத அப்படியே சார்ட்ல எழுதுவேன். அது சொன்னதுதானே, அதனால படிச்சிரும்."

ஒரு சார்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். "லிப்டு மேல போச்சு. எங்கப்பா கீழ நின்னாரு. நான் மேல இருந்து அப்பான்னு கூப்புட்டேன்." இன்னொன்றில் கன்னடம் பேசும் ஒரு பிள்ளை, மனெ என்று சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் வூடு என்றும், அதற்குப் பக்கத்தில் வீடு என்றும் எழுதியிருந்தாள்.

இதைப் பற்றி ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், இந்த முறைக்குப் பெயர்கூட உண்டு என்றேன்.

"அப்படீங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. சரி, இவ்ளோ எழுதியிருக்காங்கல்ல, அடுத்தது என்னா பண்ணணும்னு சொல்லியிருக்காங்களா? சொந்த வாக்கியம்னா படிச்சிருதுங்க, புதுசா ஒரு வார்த்த வந்தா நின்னுருது."

பத்து வருடத்தில் என் படிப்பிடம் யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. நான்கு நாள் உட்கார்ந்து படித்துவிட்டுக் குரல் செய்தியாக அனுப்பினேன். வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டு, கலைத்துப் போட்டு அடுக்கச் சொல், பிறகு சொல்லையும் எழுத்தாக வெட்டு, அந்த எழுத்தை வைத்தே வேறு சொல் கட்டச் சொல். மறுவாரம் பதில் வந்தது. "வெட்டுனோம். காத்தடிச்சு எல்லாம் பறந்துருச்சு. மொத்த ஸ்கூலும் பொறுக்குச்சு. இனிமே கடலை டப்பாவுல போட்டு வச்சுக்கறேன்." கடலை டப்பா என்று நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன்.

இப்போது வாரம் ஒரு நாள் பேசுகிறோம். அவள் வகுப்பில் நடப்பதைச் சொல்வாள், நான் படித்ததைச் சொல்வேன். பாதி நேரம் என்னுடையது அங்கே செல்லாது என்பாள், காரணமும் சொல்வாள். அத்தியாயம் ஜூனுக்கு முன்பே போய்விட்டது. புது அட்டையில் அந்த வாக்கியம் இல்லை. அதன் இடத்தில் என்ன போடலாம் என்று கேட்டார்கள். "படிக்க வராத பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள், பார்க்க வருகிறவர்களும் அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்" என்று போடச் சொன்னேன். என்னிடம் உண்மை சொன்னால் தன் வேலைக்கே ஆபத்து என்று பயந்துகொண்டே சொன்னவள் அவள். என் வாழ்க்கையில் அப்படி ஒருத்தி இருப்பது பெரிய கொடுப்பினை. இதை அவளிடம் சொன்னால், "போங்கக்கா, மணி அடிச்சிருச்சு," என்று வைத்துவிடுவாள்.

6

மறுபடி படிக்கக் கூப்பிட்டதற்கு மாதம்மாதான் எளிதில் மசியவில்லை. இனிமேல் படித்து என்னங்க டீச்சர் ஆகப்போகிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். மூன்றாம் முறை ஜெசிந்தா புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. உனக்கு எது படிக்கணும் என்று கேட்டிருக்கிறாள். பஸ்சு போர்டு மட்டும் போதும் என்றாளாம் மாதம்மா. அன்றிலிருந்து சந்தை நாளில் பள்ளிக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் இரண்டு பேரும் பாப்பாரப்பட்டி பேருந்து நிலையத்தில் நிற்கிறார்கள்.

போன வாரம் கயலை அழைத்துவரப் பள்ளி வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். அவள் வெறுங்காலோடு வந்து ஏறவும் ஜெசிந்தாவிடம் இருந்து குரல் செய்தி வரவும் சரியாக இருந்தது. சத்தமாக வைத்தேன். முதலில் பேருந்து நிலைய இரைச்சல், பூக்காரியின் கூவல். பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒரு பெண்குரல்.

"பா. பால. பாலக்... கோ. பாலக்கோடு! வ... வழி..."

ஹாரன் அடித்தது. இன்ஜின் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"அய்யோ டீச்சர், படிச்சு முடிக்கறதுக்குள்ள போயிருச்சுங்க!"

ஜெசிந்தா சிரிப்பை அடக்க முடியாமல், "ஏன்டி, பாலக்கோடுன்னு தெரிஞ்சதும் ஏறியிருக்கலாமில்ல?" என்றாள்.

"மறுபடி போடும்மா," என்றாள் கயல், தமிழில். கோபம் ஒன்றும் இல்லை. மறுபடி போட்டேன். மூச்சு வாங்க, சிரிப்போடு மாதம்மா சொல்வது இந்த முறை தெளிவாகக் கேட்டது.

"போவுட்டுங்க டீச்சர். அடுத்தது வரும். அத முழுசாப் படிச்சிட்டுத்தான் ஏறுவேன்."